வரிசையின் கடைசியில் நின்றவன்

சூளகிரிச் சந்தையில் கொத்தமல்லிக் கட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா பேசினாள். "மேஸ்திரி, அவரு போயிட்டாருங்க" என்றாள். எங்கே போனான் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "தக்காளிப் பெட்டி ஏத்திக்கிட்டு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றாள். கொத்தமல்லிக் கட்டைக் கையில் பிடித்தபடியே பேருந்து ஏறிவிட்டேன். வியாபாரி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார். நடத்துநர்தான் அதை வாங்கிச் சன்னல் வழியாக அவரிடம் கொடுத்தார்.

அந்தோணியோடு பந்து ஆடியவர்களும் அவனோடு சுமை ஏற்றியவர்களும் சேர்ந்து இந்த நினைவு மலரைப் போடுகிறீர்கள். "மேஸ்திரி, நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்று அதிக காலம் ஆகவில்லை. மெதுவாகத்தான் எழுத வரும். பரவாயில்லை, அவனுக்கும் இனி அவசரம் இல்லை. ஒரு மனிதனைப் பற்றி எழுதினால் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

பாகலூரில் அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "அந்த முட்டி மோதற ஆட்டந்தான்யா ஆளத் தின்னுடுச்சு" என்றார். இதற்கு முதலில் பதில் எழுதிவிடுகிறேன். இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு என்று மருத்துவர் சொன்னார். அவனுடைய அப்பா சின்னப்பனும் ஏறக்குறைய இதே வயதில் இப்படித்தான் போனார். சின்னப்பன் தம் வாழ்நாளில் தாயம்கூட ஆடியவர் இல்லை. ஆட்டம் அந்தோணியைக் கொல்லவில்லை. இனி யாராவது அப்படிச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறை வைத்திருக்கும் அந்தோணியின் உறவினர் ஒருவரும் வந்திருந்தார். அந்தோணியின் கோயில் கல்லறைத் தோட்டத்தில் கல் நாட்டும்போது பெயருக்குக் கீழே தொழிலையும் பொறிப்பது வழக்கம். ஆசிரியர், செவிலியர், கொத்தனார் என்று வரிசையாக இருக்கும். அந்தோணிக்கு என்ன போடுவது என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"டிரைவர்னு போடுங்க" என்றார் சவரி. அவர் அந்தோணியின் அண்ணன். பெரிய கம்பெனி ஒன்றில் நிரந்தர வேலையில் இருக்கிறார். பேச்சில் எப்போதும் ஒரு கண்டிப்பு உண்டு.

"இல்லீங்க மாமா. ஆட்டக்காரர்னு போடணும். அவரு என்கிட்ட சொல்லியிருக்காரு" என்றாள் ஸ்டெல்லா.

"விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்மா. குட்டி யானை வண்டி ஓட்டிப் பொழச்சவன் தலைமாட்டுல ஆட்டக்காரன்னு போட்டா ஊரு சிரிக்கும். கல்லு இது. நாளைக்கு அழிச்சு எழுத முடியாது."

"அழிச்சு எழுத முடியாதுன்னுதான் நானும் சொல்றேன்" என்றாள் அவள். சவரி எழுந்து உள்ளே போய்விட்டார். கல்லுக்காரர் முடிவு தெரியாமல் உட்கார்ந்திருந்தார். சாவு வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே கும்பலில் லாரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றியவர்கள். நான் மேஸ்திரி. எங்கள் பக்கத்து வயல்களில் கோஸ் அறுத்தால் மூட்டை கட்டுவதில்லை. வயலிலிருந்து லாரி வரை ஆட்கள் வரிசையாக நின்று, கோஸை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வீசுவார்கள். லாரியின்மேல் நிற்பவன் பிடித்து அடுக்குவான். கோஸ் யார் கையிலும் தங்கக் கூடாது. ஒருவன் தாமதித்தால் முகத்தில் அடுத்த கோஸ் விழும். அந்தோணிக்குக் கதவளவு உடம்பு, முறம் போலக் கை. வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் ஒரு உதிரிபாகப் பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஓய்வு நாளில் எங்களோடு சுமை ஏற்ற வருவான். என்னோடு பேசிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ஒற்றைக் கையில் கோஸைப் பிடித்து அடுத்தவனுக்குத் தள்ளுவான்.

ஒருநாள் சாலையோரத்தில் லாரி நிரப்பிக்கொண்டிருந்தோம். பைக்கில் போன ஒரு பையன் நிறுத்திவிட்டு வெகுநேரம் எங்களைப் பார்த்தான். சந்தீப் என்று பெயர். அந்தோணியின் பட்டறைக்கு அடுத்த கம்பெனியில் இன்ஜினியர். பெங்களூரில் ஒரு குழுவோடு சேர்ந்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன். "அண்ணா, ஞாயித்துக்கிழமை என்ன பண்றீங்க?" என்று அந்தோணியைக் கேட்டான். "பூசைக்குப் போவேன். அப்புறம் கோஸ் ஏத்துவேன்" என்றான் இவன். "பூசைக்குப் போங்க. கோஸ் வேணாம்" என்று சொல்லி அடுத்த ஞாயிறே கூட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஒரு ஆள் குறைந்தது.

அந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேரில் ஃபுட்பால் என்றாலும் பந்தைக் கையில்தான் ஆடுவார்கள். பந்து உருண்டை இல்லை, இரண்டு முனையும் கூம்பிய பப்பாளி மாதிரி இருக்கும். பந்தை எதிரியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பக்கத்து ஆட்களும் எதிரெதிரே வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கு டைட் எண்ட் என்று பெயர். பெரும்பாலும் எதிரே நிற்பவனை இடித்து நகர்த்தி, பந்து வைத்திருப்பவனுக்கு வழி உண்டாக்குவதுதான் அவன் வேலை. சில சமயம் இடிப்பதை விட்டுவிட்டு முன்னால் ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். இடிக்கிற பலமும் பிடிக்கிற கையும் ஒரே ஆளிடம் இருப்பது அரிது. அந்தோணியிடம் இருந்தது.

முதல் ஆட்டத்தில் நடந்ததை அவனே எங்களிடம் சொல்லிச் சிரித்தான். பந்து அவனை நோக்கி வந்தது. அழகாகப் பிடித்தான். பிடித்த வேகத்தில் அப்படியே திரும்பிப் பின்னால் வீசிவிட்டான். பின்னால் யாரும் இல்லை. கோஸ் வரிசையில் பின்னால் எப்போதும் ஒரு ஆள் இருப்பான் அல்லவா, கை அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டது. தரையில் விழுந்த பந்தை எதிரிகள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அவர்களுடைய கோச் பிரகாஷ், பெங்களூர்க்காரர். தலையில் கை வைத்துக்கொண்டு, "மாராயா, பந்து கெடச்சா வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ. தர்மம் பண்ணாத" என்றாராம். கன்னடத்தில் மாராயா என்றால் நம் 'மகராசா' மாதிரி.

அதற்குப் பிறகு அந்தோணி, ஆட்டம் இல்லாத ஞாயிறுகளில் எங்களிடம் வந்து ஒரு காரியம் செய்தான். லாரி நிரம்பியதும் என்னைக் கோஸ் வீசச் சொல்வான். பிடித்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வயலின் மறு வரப்பு வரை ஓடுவான். வரப்பைத் தாண்டித்தான் கீழே வைப்பான். எங்கள் கும்பலில் இருந்த மாரக்கா என்ற பெண்ணுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடா அந்தோணி, கோசுக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போறியா? பேரு வெச்சிட்டியா?" என்பாள். "பொம்பளப் புள்ளக்கா. உம்பேருதான் வெச்சிருக்கேன்" என்று ஓடிக்கொண்டே பதில் சொல்வான்.

ஆனால் கோச் வெகுகாலம் அவனுக்குப் பந்து தரவில்லை. இடி, நகர்த்து, அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இடிச்சிட்டு வர்றதுக்கா பஸ் ஏறி பெங்களூர் வரைக்கும் போற? இங்கேயே நம்ம லாரிய இடி" என்றேன். அவன் சொன்னது இது: "மேஸ்திரி, நான் ஒருத்தன நகத்துனா அந்தச் சந்துல இன்னொருத்தன் ஓடறான். ஓடறவனத்தான் எல்லாரும் பாப்பாங்க. ஆனா அந்தச் சந்து என்னுது." வீட்டுப் பத்திரம் கையில் இருப்பவன் பேசுவதுபோலப் பேசினான்.

பிறகு ஒரு வருடம், சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் போட்டி ஒன்றைச் சிலர் தொடங்கினார்கள். அந்தோணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சி முகாம் வெளியூரில். சில மாதம் வேலைக்குப் போக முடியாது. அதே சமயத்தில்தான் அவனுடைய பட்டறையில் ஒப்பந்தக்காரர்களில் சிலரை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தது. அந்தோணியின் பெயரும் அதில் இருந்தது. சவரி யார் யாரையோ பார்த்துச் சொல்லிவைத்திருந்தார்.

சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் ஒரு தேநீர்க் கடையில் அண்ணன், தம்பி, நான் மூவரும் நின்றோம். சவரி தேநீரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார். "பெர்மனென்ட்டுடா. இந்த ஊருல எத்தன பேரு இதுக்காகக் காத்துக் கெடக்கறான் தெரியுமா?" என்றார்.

"தெரியும்ணா."

"அந்த ஆட்டம் எத்தன நாளைக்கு?"

"தெரியாதுண்ணா."

"அடுத்த வருஷம் அவனுங்க கடையச் சாத்திட்டா?"

"சாத்தட்டும். இந்த வருஷம் தொறந்திருக்குல்ல."

சவரி என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க மேஸ்திரி" என்றார். நான் அந்தோணியைப் பார்த்தேன். வேலை கிடைத்தவன் முகத்தில் வருமே ஒரு களை, அது அப்போதே வந்துவிட்டது. "போயிட்டு வாடா" என்றேன். சவரி அதற்குப் பிறகு என்னோடு வெகுநாள் பேசவில்லை. இதை ஒரு தவறு என்று நான் எண்ணியதில்லை. இன்றும் அதையேதான் சொல்வேன்.

அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டத்தை நான் நேரில் பார்த்தேன். தலைக்கவசமும் தோள் கவசமும் போட்டு எல்லோரும் ஒன்றுபோல் இருந்தார்கள். நான் வரிசையின் கடைசியை மட்டும் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னடக்காரர், உங்கள் ஆள் யார் என்று கேட்டார். காட்டினேன். "அவன் கையில பந்தே வரலையே" என்றார். அந்த நேரம் பார்த்து அந்தோணி எதிரே இருந்த தடியனின் நெஞ்சுக்குக் கீழே தோளைக் கொடுத்து, அவனைக் கதவைத் திறப்பதுபோல ஒதுக்கினான். அந்த இடத்தில் ஒல்லியான பையன் ஒருவன் பந்தோடு நுழைந்து ஓடினான். கூட்டம் முழுவதும் அந்தப் பையனைப் பார்த்துக் கத்தியது. நான் மட்டும் எழுந்து நின்று, கீழே விழுந்து கிடந்த அந்தோணியைப் பார்த்துக் கைதட்டினேன். கன்னடக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஆட்டம் முடியப் போகும்போது பந்து அவனுக்கு வந்தது. ஓடிக்கொண்டே பிடித்தான். இரண்டு பேர் வந்து தொங்கினார்கள், ஒருவன் இடுப்பில், ஒருவன் காலில். அவர்களையும் இழுத்துக்கொண்டு நடந்தான். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஏர் இழுக்கிற நடை அது. கோட்டின்மேலேயே போய் விழுந்தான். நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினார். புள்ளி கிடைத்துவிட்டது. இனிப் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தோணி கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றான். நடுவர் கை நீட்டினார். இவன் தலையை ஆட்டினான். கடைசியில் சந்தீப் வந்து காதில் ஏதோ சொன்னபிறகுதான் விட்டான். என்ன சொன்னாய் என்று பிறகு சந்தீப்பைக் கேட்டேன். "அண்ணா, வரப்பு தாண்டியாச்சு. கீழ வைக்கலாம்னு சொன்னேன்" என்றான்.

சவரி சொன்னதுதான் நடந்தது. அடுத்த வருடம் அந்தப் போட்டி இல்லை. பட்டறையில் அவனுடைய இடத்தில் வேறு ஆள் இருந்தான். அந்தோணி குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கிக் காய்கறிச் சுமை ஓட்டினான். கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து பெங்களூர்ச் சந்தைக்கு அவன் போகாத நாள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய குழுவோடு, சம்பளம் இல்லாமல், முழங்கால் பழுதாகும்வரை ஆடினான். பழுதானபிறகு புதிதாக வருபவர்களுக்கு இடிக்கச் சொல்லிக்கொடுத்தான். ஊரில் பேசினார்கள். வந்த வேலையை உதைத்தவன் என்றார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவன் நேராகவே கேட்டான்: "உங்க அண்ணன் பேச்சக் கேட்டிருந்தா இன்னைக்கு ஏசி பஸ்ல வேலைக்குப் போயிருப்பல்ல?"

அந்தோணி இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "போயிருப்பேன். ஆனா நான் ஏமாந்தேன்னு மட்டும் சொல்லாத. ஒரு வருஷம் என்ன வேல செய்யறேன்னு கேட்டவன்கிட்ட எல்லாம் ஆட்டக்காரன்னு சொன்னேன். அது பொய் இல்ல. நீ எந்த வேலய அப்படிச் சொல்லுவ, நெஞ்ச நிமித்திக்கிட்டு? ரசம் ஊத்தச் சொல்லு."

அடக்கம் அன்று பிற்பகல் மழை கொட்டியது. அந்தோணியோடு ஆடியவர்கள் பெங்களூரிலிருந்து வந்திருந்தீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பீரோ அளவு. பந்தலுக்குள் நிற்க இடம் போதவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் மண் பாதையில் பெட்டியை ஏற்றி வந்த வண்டி சேற்றில் புதைந்தது. ஓட்டுநர் முறுக்க முறுக்கச் சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கியது. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்தீர்கள்.

சவரி ஓடிவந்து வரிசையின் ஓரத்தில் நின்று இரண்டு கையாலும் தள்ளினார். கால் வழுக்கி, வெள்ளைச் சட்டையோடு சேற்றில் விழுந்தார். பக்கத்தில் இருந்த பையன் அவரைத் தூக்கி நிறுத்தினான். "அண்ணா, கையால தள்ளாதீங்க. இன்னும் குனிங்க. தோளக் குடுங்க. காலு சின்னச் சின்னதா வைக்கணும். அந்தோணி அண்ணன் எங்களுக்கு இப்படித்தான் சொல்லித் தந்தாரு" என்றான். சவரி குனிந்தார். தோளைக் கொடுத்தார். ஒரு குரல் கொடுத்தீர்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டினீர்கள். வண்டி ஒரு உறுமலோடு மேலே ஏறியது.

சவரி முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சேறு. என்னைப் பார்த்து, "இதையா செஞ்சான் மேஸ்திரி?" என்று கேட்டார். தேநீர்க் கடைக்குப் பிறகு அவர் என்னிடம் முகம் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

"இதையேதான். ஆனா வண்டி சும்மா நிக்குது. அங்க எதுக்க நிக்கறவன் திருப்பி இடிப்பான்" என்றேன்.

அவர் தோளைத் தடவிக்கொண்டார். பெட்டிக்குப் பின்னால் நடந்தார்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் போனோம். கல்லின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. என்ன பொறித்திருக்கிறது என்று ஸ்டெல்லாவுக்கும் தெரியாது. கல்லுக்காரரிடம் பேசியது சவரி மட்டும்தான். அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். சவரி துணியை எடுத்தார். பெயர், பிறந்த வருடம், மறைந்த வருடம். அதற்குக் கீழே 'ஆட்டக்காரர்' என்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஸ்டெல்லா சவரியைப் பார்த்தாள். "எழுத்து கொஞ்சம் சின்னதா போயிடுச்சும்மா. பெருசா போடுங்கன்னுதான் சொன்னேன்" என்றார் அவர்.

பங்குச் சாமியார் புதியவர். "இவர் என்ன ஆட்டம் ஆடினார்?" என்று கேட்டார். நாங்கள் வாய் திறப்பதற்குள் சவரி தொடங்கிவிட்டார். தப்புத் தப்பாகச் சொன்னார். சந்தீப் இடையிடையே திருத்தினான். "இருப்பா, எந்தம்பியப் பத்தி நான் சொல்றேன்" என்று அவனை அடக்கிவிட்டுத் தோளைத் தாழ்த்திக் குனிந்து சாமியாருக்கு இடித்தே காட்டினார். சாமியார் ஒரு அடி பின்வாங்கினார்.

அந்தோணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவனுடைய திமிர். ஊர் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அவன் வேண்டும் என்றான், பிறகு ஒருநாளும் அதற்காகத் தலை குனியவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் அந்தக் கல்லை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கிறேன். ஆ, ட், ட. அவசரப்படுவதில்லை. "செத்தவங்க தூங்கற இடம் பெரியவரே, மனசுக்குள்ள படிங்க" என்று காவல்காரர் சொல்கிறார். நான் முதலிலிருந்து இன்னும் சத்தமாகப் படிக்கிறேன்.